கணவர் வீடு செல்ல மறுத்த ருக்மாபாய்: பம்பாயை உலுக்கிய வழக்கு

மும்பை: சரித்திர நாவல்களில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. விருப்பமில்லாத திருமணத்துக்கு ஒரு பெண் நெருக்கப்படுவாள். கல்கியின் "பொன்னியின் செல்வன்' நாவலில், கடம்பூர் மணிமேகலையை யாருக்கு மணமுடிப்பது என்று அவளுடைய அண்ணன் கந்தமாறன் அரசியல் கணக்குப் போட்டு முடிவை மாற்றிக்கொண்டே இருப்பான், அவள் மனமோ வந்தியத்தேவனிடம் இருக்கும். வேறு சில கதைகளில், கட்டாயத்தின் பேரில் கழுத்தை நீட்டிய நாயகிக்குக் கடைசி அத்தியாயத்துக்குள் கணவன் மீது காதல் பிறந்துவிடும்.

வார இதழ்த் தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்தே வந்தது. ஆனால் அவர்கள் குடியேறிய இதே நகரத்தில், மாட்டுங்கா வெறும் கிராமமாகவும், தாராவி மீனவர் குடியிருப்பாகவும் இருந்த காலத்தில், எந்தச் சரித்திர நாவலுக்கும் குறையாத ஒரு வழக்கு நடந்தது. அதன் நாயகியின் மனம் கடைசி வரை மாறவில்லை என்பதுதான் வேறுபாடு.

ருக்மாபாய் 1864-ல் பம்பாயில் பிறந்தவர். தந்தை இளம் வயதிலேயே இறந்துவிட, தாயார் ஜயந்திபாய், மருத்துவர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். தச்சுத் தொழில் செய்யும் அவர்களது சமூகத்தில் விதவை மறுமணத்துக்குத் தடை இருக்கவில்லை. ருக்மாபாய்க்கு 11 வயதில் திருமணம். மணமகன் தாதாஜி பிகாஜிக்கு 19 வயது. பெண் பருவமடைந்த பின் கணவர் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை டாக்டர் சகாராம் ஏற்கவில்லை. அவ்வளவு சிறு வயதில் இல்லறம் கூடாது என்பது மருத்துவராக அவரது கருத்து. எனவே ருக்மாபாய் தாய் வீட்டிலேயே தங்கி, கிடைத்த நூல்களைப் படித்து வளர்ந்தார். தாதாஜியோ படிப்பைத் தொடரவில்லை. மாமன் வீட்டை அண்டி வாழ்ந்தார். கடனும் நோயும் சேர்ந்துகொண்டன. ருக்மாபாயின் பெயரில் சொத்து இருந்ததும் வழக்குக்கு ஒரு காரணம் எனக் கருதுவோர் உண்டு.

நீதிமன்றத்தில்...

மனைவியைத் தன்னுடன் வாழ அனுப்புமாறு தாதாஜி 1884-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, 1885 செப்டம்பரில் ருக்மாபாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அறியாப் பருவத்தில் மணம் முடிக்கப்பட்டு, அதன்பின் ஒருநாளும் சேர்ந்து வாழாத பெண்ணை, வளர்ந்த பிறகு அவள் விருப்பத்துக்கு மாறாக அனுப்பி வைக்க முடியாது என்பது அவரது நிலை. இவ்வகை வழக்கே ஹிந்து தர்ம சாஸ்திரத்தில் கிடையாது. இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து வந்த சட்டம் இது என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

நாடு இரண்டுபட்டது. சீர்திருத்தவாதி பெஹ்ராம்ஜி மலபாரி ருக்மாபாய்க்கு ஆதரவாக எழுதினார். திலகரின் "கேசரி' கடுமையாக எதிர்த்தது. ஆங்கிலம் படித்ததன் விளைவே இது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஹிந்து சம்பிரதாயத்தைக் காப்பதாகச் சொன்னவர்கள், ஆங்கிலேயரின் திருச்சபைச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது விந்தைதான். இதற்கிடையே "ஒரு ஹிந்துப் பெண்' என்ற புனைபெயரில் "டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் இளவயதுத் திருமணத்தைக் கண்டித்துக் கடிதங்கள் வெளிவந்தன. எழுதியவர் ருக்மாபாயே என்பது பின்னர் தெரிந்தது.

மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. 1887 மார்ச் 4-ம் தேதி நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் கணவர் வீடு செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று உத்தரவிட்டார். சிறைக்குச் செல்லத் தயார் என ருக்மாபாய் அறிவித்தார். 1888 ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 2 ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். மறு ஆண்டு அவர் வேறு திருமணம் செய்துகொண்டார்.

ருக்மாபாய் 1889-ல் லண்டன் சென்றார். பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்துத் தாயகம் திரும்பி, சூரத்திலும் பின்னர் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் பணியாற்றினார். அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த 1891-ல், பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. அவரது வழக்கு கிளப்பிய விவாதமும் அதற்கு வழிவகுத்தது.

சரிதா வழக்கு

உத்தரவை மீறும் மனைவியைச் சிறையிலிடும் விதி 1923-ல் நீக்கப்பட்டது. ஆனால் சேர்ந்து வாழக் கோரும் வழக்கு முறை நீங்கவில்லை. 1955-ம் ஆண்டு ஹிந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவாக அது தொடர்ந்தது. கணவன், மனைவி இருவருமே இதைப் பயன்படுத்தலாம்.

தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த நடிகை சரிதாவுக்கு எதிராக அவருடைய கணவர் தொடுத்ததும் இந்தப் பிரிவின் கீழான வழக்கே. 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, பெண்ணின் அந்தரங்க உரிமையில் அரசு தலையிடுவதாகக் கூறி 9-வது பிரிவையே செல்லாது என அறிவித்தார். அந்த வெற்றி நீடிக்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் மாறுபட்ட தீர்ப்பு அளித்தது. 1984-ல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று கூறிவிட்டது. இச்சட்டம் பிறந்த இங்கிலாந்திலோ 1970-லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். 2019-ல் குஜராத் சட்டக் கல்லூரி மாணவர்கள் இப்பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தனர்.

ருக்மாபாயின் கதை 2016-ல் மராத்தியில் திரைப்படமானது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாதாஜி 1904-ல் இறந்தபோது, அவருடன் ஒருநாளும் வாழாத ருக்மாபாய் விதவைக்குரிய வெள்ளைப் புடவையை அணியத் தொடங்கினார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். நாவலாசிரியர் எவரும் இதைக் காதல் என்று எழுதிவிடக் கூடும். மருத்துவமனைக்கு வரும் பெண்கள் தயங்கி நிற்காமலிருக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடாகவும் இருக்கலாம். 1955 செப்டம்பரில், தமது 90-வது வயதில் அவர் காலமானார். அதற்கு நான்கு மாதங்கள் முன்புதான், 9-வது பிரிவைத் தாங்கிய ஹிந்து திருமணச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது.