சொல்லாமல் விட்டதே கேள்வி

ரயில் பெட்டியில் ஒரு எச்சரிக்கை: "எளிதில் தீப்பற்றும் பொருட்களை எடுத்துச் செல்லாதீர்கள்." இதை எழுதியவர் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்த அனுமானம் எது? ஒன்று, சில பயணிகளாவது அத்தகைய பொருட்களை எடுத்து வரக்கூடும். இரண்டு, எல்லாப் பயணிகளும் எச்சரிக்கையை மதிப்பார்கள். மூன்று, ரயில் தீ விபத்துகளில் பலர் இறந்திருக்கிறார்கள்.

வங்கி அதிகாரி தேர்விலிருந்து ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வு வரை இளைஞர்களைத் திணறடிக்கும் ரகம் இது. விடை: முதலாவது மட்டும். நன்கு படித்தவர்கள் சறுக்குவது மூன்றாவதில். அது உண்மைதான்; ஆனால் கேள்வி அதுவல்ல. உலகில் எது உண்மை என்பதல்ல, இந்த எச்சரிக்கைக்கு எது அஸ்திவாரம் என்பதே கேள்வி.

கண்டுபிடிக்க எளிய வழி, மறுத்துப் பார்ப்பது. யாருமே அத்தகைய பொருளை எடுத்து வரமாட்டார்கள் என்றால் எச்சரிக்கைக்கே வேலையில்லை. சிலர் மதிக்கமாட்டார்கள் என்றாலோ, இதுவரை ஒருவரும் இறக்கவில்லை என்றாலோ எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. 'எல்லோரும்', 'மட்டுமே' போன்ற சொற்களைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை.

ஒரே சொல்லில் விடை மாறிவிடும் என்பதால் மொழி முக்கியமாகிறது. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வில் 2011இல் அறிமுகமான திறனறித் தாளில் பத்தி ஒன்றைக் கொடுத்து, அதன் அனுமானங்களைக் கேட்கிறார்கள். மொத்தம் 80 கேள்விகள், 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்தி மொழிபெயர்ப்பு புரியவில்லை என்பது, 2014இல் தில்லி முகர்ஜி நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கியதற்கு ஒரு காரணம். 2015 முதல் இத்தாளில் 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும். ஆனால் எடுக்காவிட்டால் அந்த ஆண்டு வாய்ப்பு அதோடு முடிந்தது.

பிரதானத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலைக் கேள்வித்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். தமிழ்வழியில் படித்தவருக்கு ஒரே ஆறுதல், மறுத்துப் பார்க்கும் பயிற்சிக்கு மொழித் தடையில்லை என்பது. தினசரியில் வரும் விளம்பரமும் அமைச்சரின் அறிக்கையும் போதும்.

பிறருடைய அனுமானங்களைத் துருவிக் கேட்கும் தேர்வுக்கும் சொல்லப்படாத அனுமானம் ஒன்று உண்டு: எழுத வருபவர்கள் எல்லோருக்கும் இந்த இரு மொழிகளில் ஒன்று சரளம். இங்கேயும் அதே 'எல்லோரும்'.