கோவை–சென்னை: 405 கிலோமீட்டரும் ஆடிக்காற்றும்

பீளமேட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் ஜெட் விமானம், உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. டிக்கெட்டிலோ பயண நேரம் ஒரு மணி பத்து நிமிடம், சிலவற்றில் அதற்கும் கூட. இத்தனைக்கும் தூரம் அதிகமில்லை.

அந்தத் தூரத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே போட்டுவிடலாம். கோவை விமான நிலையம் இருப்பது வடக்கு 11.03, கிழக்கு 77.04 பாகையில்; சென்னை 12.99, 80.18. வடக்கே 1.96 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 218. கிழக்கே 3.14 பாகை, நம் அட்சரேகையில் பாகைக்குச் சுமார் 108.6 கிலோமீட்டர்தான் என்பதால் 341. மீதியைப் பித்தாகரஸ் பார்த்துக்கொள்வார்: ஏறக்குறைய 405 கிலோமீட்டர். ரயில் இதே ஊர்களுக்கு நடுவே 500 கிலோமீட்டரை ஒட்டி ஓடுகிறது. சிங்கப்பூர் போன்ற நெடுந்தூரத்துக்கு இந்தத் தட்டைக் கணக்கு பிசகும். பூமியின் வளைவைச் சேர்த்துப் போட்டால் கோவையிலிருந்து சுமார் 3,160 கிலோமீட்டர் வரும்.

405 கிலோமீட்டரை 800 வேகத்தில் கடக்க அரை மணிதான் ஆகும். ஆனால் டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து, போன ஊரில் சக்கரம் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

பறக்கும்போதும் முழு வேகம் கொஞ்ச நேரம்தான். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து என்றால் 90 கடல் மைல், அதாவது 167 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்கோட்டில் வரும் விமானம் சேர்வராயன் மலையை நெருங்கும்போதே கோவைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும்! ஏறுவதற்கும் ஏறக்குறைய இவ்வளவு தூரம் போய்விடுகிறது. 10,000 அடிக்குக் கீழே வேகத்துக்கும் வரம்பு உண்டு. மெதுவாகப் போகும் ஏடிஆர் விமானம் இந்த வழியில் ஜெட்டைவிட அதிகம் பின்தங்காததற்கு இதுதான் காரணம்.

இதற்கு மேல் காற்று. கொங்கு நாட்டில் இது தனிக் கதை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளுவது நமக்குப் பழக்கம். அதே மாதத்தில் அதே ஊருக்கு மேலே, வெகு உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை 1958இல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அதன் மையம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், கீழே விமானம் பறக்கும் உயரத்திலும் கீழைக்காற்று இருக்கிறது.

ஆகவே ஆடியில் சென்னையிலிருந்து கோவை வரும் விமானத்துக்கு இரட்டை லாபம். மேலே முதுகில் தள்ளும் காற்று. கீழே இறங்கும்போது கணவாய்க் காற்று முகத்தில். தரை இறங்க எதிர்காற்றுதான் வேண்டும். கோவை ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருப்பதால், வடகிழக்கிலிருந்து வரும் விமானம் வந்த வாக்கிலேயே இறங்கிவிடலாம். மார்கழியில் வாடைக்காற்று பலமாக இருந்தால் ஓடுபாதையைத் தாண்டிப்போய்த் திரும்பி, மறுமுனையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். அதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும்.