தாத்தாவுக்கு ஒரு ராணுவ வாட்ச்

ஸ்ரீரங்கத்தில் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். பட்டாளத்தில் இருந்தவர். பழைய ராணுவக் கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகத் தந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! ஆனால், பார்த்து வாங்குங்கள் நேயர்களே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் ராணுவ வாட்ச் என்றால், பின்மூடியில் அகன்ற அம்புக்குறியும் எண்ணும் பொறித்திருக்கும். இருட்டில் மணி தெரிய, முள்ளிலும் எண்களிலும் ரேடியம் பூசினார்கள். எண்பது வருடத்தில் அந்தப் பூச்சு பழுப்பேறி, ஒளி மங்கியிருக்க வேண்டும். இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால், பெரும்பாலும் புதுப் பூச்சுதான். ஒளி போனாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு போகாது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். வீட்டில் கண்ணாடியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

நம் வீட்டுச் சிப்பாய்க்கு எச்.எம்.டி. 'ஜவான்' இன்னும் நெருக்கமானது. பெங்களூரில் 1961-ல் வாட்ச் தயாரிப்பில் இறங்கிய அரசு நிறுவனத்தின் படைப்பு. பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். மறுபெயின்ட் அடித்த டயல்கள் சந்தையில் நிறைய உண்டு. எழுத்து பிசிறடித்திருந்தால் வேண்டாம். காசு கொடுக்கும் முன், திருச்சியில் உங்களுக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.