மலிவு விதை: எங்கே இலாபம், எங்கே நட்டம்?

அடுக்களைச் செலவைச் சுருக்க விரும்பும் குடும்பங்கள் முதலில் நினைப்பது வீட்டுத் தோட்டத்தையே. வளவின் ஒரு மூலையில் நான்கு கத்தரியும் பத்து வெண்டியும் ஒரு பாகற் கொடியும் இருந்துவிட்டால், சந்தைச் செலவில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மையே. ஆனால், அத்தோட்டத்துக்கு விதை வாங்குவதில் நாம் காட்டும் சிக்கனம் எல்லா வேளையிலும் சிக்கனமாக முடிவதில்லை. எதற்கு ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை, எதற்கு விலையைப் பாராமல் நல்லதையே வாங்க வேண்டும் என்று பிரித்தறிவதே தோட்டம் செய்வோர் கற்க வேண்டிய முதற் பாடம்.

இப்பாடத்தின் அருமையை 2022ஆம் ஆண்டு எமக்கு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாவைத் தொட்டது. உணவுப் பயிர் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் கலப்பின விதைகளின் விலையும் டொலரோடு சேர்ந்து ஏறியது. அன்று தோட்டத்தில் இறங்கிய பலருக்கு மண்வெட்டி இருந்தது, விதை இருக்கவில்லை.

பணமின்றிக் கிடைப்பவை

பெரியநீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை எமது கரையோர வளவுகள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. இம்மண்ணில் தண்டை முறித்து ஊன்றினாலே தழைக்கும் பயிர்கள் பல உண்டு. முற்றிய மரவள்ளித் தடியை ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி நடலாம். வற்றாளைக் கொடியின் நுனியை ஓரடி நீளத்திற்கு வெட்டிப் பதித்தால் கிழங்கும் கிடைக்கும், கறிக்கு இலையும் கிடைக்கும். பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, புதினா ஆகியவற்றுக்கும் விதை தேட வேண்டியதில்லை. முருங்கைக்கு முற்றிய கிளையொன்று போதும். இவற்றை அயல் வீட்டில் கேட்டுப் பெறுவதில் வெட்கமொன்றும் இல்லை. நோன்பு காலத்தில் புதினாக் கட்டின் விலை ஏறும்போது, முன்னதாகவே நட்டு வைத்தவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

பலசரக்குக் கடையும் ஒரு விதைக்கடையே. கறிக்கு வாங்கிய சின்ன வெங்காயத்தில் முளைவிட்டவற்றைத் தெரிந்து ஊன்றினால், ஒரு வெங்காயம் பலவாகப் பிரியும். மாரி மழை ஓய்ந்த பின் இதனைச் செய்வது நன்று. நீர் தேங்கினால் அழுகிவிடும். வெந்தயத்தைக் கீரைக்காகத் தூவலாம். கொத்தமல்லியை இலேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து விதைத்தால் நன்றாக முளைக்கும். கௌபியும் அவ்வாறே.

விலையைப் பாராமல் வாங்க வேண்டியவை

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் மாதக்கணக்கில் நின்று காய்க்க வேண்டியவை. இவற்றின் விதையில் மிச்சம் பிடிப்பது தவறு. கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நூறு விதை கொண்ட பொதி ஒன்று ஐம்பது ரூபா. அதில் நாற்பதுதான் முளைக்கிறது. இன்னொன்று நூறு ரூபா. அதில் தொண்ணூறு முளைக்கிறது. முதலாவதில் ஒரு நாற்றின் விலை ஒரு ரூபா இருபத்தைந்து சதம். இரண்டாவதில் ஏறக்குறைய ஒரு ரூபா பதினொரு சதமே. மலிவான பொதியே விலை கூடியது! அத்துடன், முளைக்காத விதைக்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தையும் மழையையும் எவராலும் திருப்பித் தர இயலாது.

ஆகவே பொதியை வாங்குமுன் இனத்தின் பெயர், முளைதிறன் வீதம், பரிசோதித்த திகதி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இவை இல்லாத பொதியை அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டிருந்த பொதியையும் தவிர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு முதலிய சாயம் ஏறிய விதைகள் மருந்திட்டவை. அவற்றைச் சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்து, தொட்ட கையை நன்றாகக் கழுவ வேண்டும். எமது மண்ணுக்கு ஏற்ற இனம் எது என்பதை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

சந்தையில் விற்கும் நாற்றுக்களில் எச்சரிக்கை மிக வேண்டும். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. ஆயினும், வாடல் நோய் கொண்ட கத்தரி நாற்று முளையிலே அதனைக் காட்டுவதில்லை. வேரோடு ஒட்டிய மண்ணில் வரும் பற்றீரியா வளவின் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பின்னர் அவ்விடத்தில் கத்தரியோ தக்காளியோ மிளகாயோ தேறுவது அரிது. சில ரூபா நாற்றினால் ஒரு பாத்தியையே இழக்க நேரும். இலை சுருண்டதும் தண்டு மெலிந்து நீண்டதும் எந்த விலைக்கும் வேண்டாம். இயலுமாயின் நாற்றை வீட்டிலேயே வளர்ப்பது மேல். புரட்டாதியில் நாற்றுமேடை அமைத்து, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி எரித்தபின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். மாரியில் எமது வளவுகளில் நீர் மட்டம் உயர்வதால் மேடையைச் சற்று உயர்த்தியே அமைக்க வேண்டும்.

பத்து விதைச் சோதனை

பழைய விதையோ அயலார் தந்த விதையோ கையிலிருந்தால், அதனை உடனே விதைத்துவிடக் கூடாது. பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, துணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயற்றையும் வெண்டியும் நான்கைந்து நாளில் முளைக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் வரை செல்லலாம். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து முளைத்தால் இரட்டிப்பாக விதைக்கலாம். மூன்றுக்குக் குறைந்தால் அதற்காகப் பாத்தியும் பசளையும் செலவிட வேண்டாம்.

சொந்த விதை

எல்லாவற்றிலும் மலிவான விதை நாமே எடுத்து வைக்கும் விதைதான். ஆனால், கலப்பினப் பயிரின் விதையை எடுத்து வைப்பதால் பயனில்லை. மெண்டல் என்னும் பாதிரியார் 1865ஆம் ஆண்டில் பட்டாணிப் பயிரைக் கொண்டு விளக்கியபடி, கலப்பின் பிள்ளைகள் தாயைப் போல் இராமல் பலவிதமாகப் பிரிந்து போகும். திருநெல்வேலி ஊதாக் கத்தரி, எம். ஐ. 2 மிளகாய், ஹரித வெண்டி போன்ற விவசாயத் திணைக்கள இனங்களை ஒரு முறை வாங்கினால், பின்னர் அவற்றிலிருந்து விதை எடுக்கலாம். பயற்றை, தக்காளி, கத்தரி ஆகியவற்றில் இது இலகு. பூசணியில் தேனீ அடுத்த வளவின் மகரந்தத்தையும் கொண்டு வருமாதலால் இனம் கலந்துவிடும்.

நல்ல காயைக் கறிக்குப் பறித்துவிட்டு, எஞ்சிய சூம்பற் காயை விதைக்கு விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதனை மாற்ற வேண்டும். நோயற்ற, நன்றாகக் காய்த்த செடியில் முதன்மையான காயையே அடையாளமிட்டு முற்றவிட வேண்டும். கத்தரி மஞ்சளாகும் வரை செடியில் நிற்கட்டும். தக்காளி விதையை அதன் சாற்றிலேயே ஓரிரு நாள் புளிக்க விட்டுக் கழுவினால் வழுவழுப்பு நீங்கும்.

விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பர் விதை நூலோர். கடற்காற்று வீசும் எமது ஊர்களில் இது முக்கியமான விடயம். நிழலில் நன்கு உலர்த்தி, வறுத்து ஆறிய அரிசி சிறிதளவு இட்ட போத்தலில் அடைத்து, பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் புகுந்தபோது, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரைகளில் வீட்டோடு அடுக்களையும் அடுக்களையோடு அதிலிருந்த யாவும் போயின. கிணறும் மண்ணும் உப்பாயின. மணலில் படிந்த உப்பைப் பின்வந்த மாரி மழைகள் கரைத்துச் சென்றன. போன விதை மட்டும் தானாகத் திரும்பி வராது. ஆகவே நல்ல விதையை ஒரே வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ராத்தாவுக்கு ஒரு பிடி, மாமிக்கு ஒரு பிடி, சம்மாந்துறையிலோ உள்ளூர்ப் பக்கத்திலோ இருக்கும் உறவினருக்கு ஒரு பிடி எனப் பகிர்ந்து வைப்போம். எமது போத்தல் வெறுமையாகும் ஆண்டில், கொடுத்த இடத்திலிருந்து ஒரு பிடி திரும்பி வரும்.