சிமிட்டிக்கொண்டே இருக்கும் முன்சக்கர விளக்கு: பழைய பஜிரோவில் எங்கே தேடுவது?

கடந்த நவம்பர் 27ஆம் திகதி அதிகாலை பெரியப்பாவின் பழைய பஜிரோவில் வெள்ளவத்தையில் இருந்து புறப்பட்டோம். முள்ளியவளைக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். வழியெல்லாம் மழை பெய்தாலும் தார் வீதியில் ஒரு குறையும் இருக்கவில்லை. உறவினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போவதற்காக ஓர் ஒழுங்கைக்குள் திரும்பியபோதுதான் பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் சுற்றத் தொடங்கின. பெரியப்பா போர்வீல் நெம்பை 4எச்சுக்குத் தள்ளினார். டாஷ்போட்டில் முன்சக்கரங்களைக் காட்டும் இரண்டு விளக்குகளும் சிமிட்டின, சிமிட்டிக்கொண்டே இருந்தன. உழவு இயந்திரம் ஒன்று வந்து இழுத்துவிடும் போது நன்றாக இருட்டிவிட்டது. மாலை 6.05இற்கு மணி ஒலித்தபோது பெரியம்மா ஜீப்பின் பின் இருக்கையில் இருந்தார். மகனின் இடத்தில் அவர் அந்த ஆண்டு விளக்கேற்றியது எல்லோரும் கலைந்த பிறகு.

கொழும்பு திரும்பியதும் காட்டிய முதல் கராஜில், ட்ரான்ஸ்பர் பொக்ஸை இறக்க வேண்டும், செலவு லட்சக்கணக்கில் வரும் என்றார்கள். இரண்டாவதாக, கொட்டாஞ்சேனையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் போனோம். போர்க்காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கைகள் அவருடையவை. பொனற்றைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "தங்கச்சி, பொக்ஸில ஒரு பிழையும் இல்லை. இதைப் பாருங்கோ" என்று விரல் நீளத்துக்கு வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயைக் கையில் தந்தார். புதுக் குழாயின் விலை ஆயிரம் ரூபாவுக்கும் குறைவு.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ஜீப் நம்மில் பலருக்கு எட்டாத விலை. ஆகவே 25, 30 வயதான வண்டிகள்தான் இன்னமும் ஊருக்குப் போய்வருகின்றன. ஆனால் கொழும்பில் போர்வீலுக்கு வேலையே இல்லை. ஆண்டு முழுவதும் தொடாத பாகத்தை வடகீழ்ப் பருவமழையில், அதுவும் வன்னிச் சேற்றில், முதன்முறையாகப் பரீட்சித்துப் பார்க்கிறோம்.

1991இல் வந்த இரண்டாம் தலைமுறை பஜிரோவின் 'சூப்பர் செலெக்ட்' முறையில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. நெம்பைத் தள்ளும்போது ட்ரான்ஸ்பர் பொக்ஸ் முன்பக்கத்துக்கும் விசையை அனுப்புகிறது. இது நேரடியாக இரும்போடு இரும்பு சேரும் வேலை. ஆனால் 2எச்சில் ஓடும்போது முன் அச்சின் ஒரு பக்கத் தண்டு துண்டிக்கப்பட்டே இருக்கும். அதை மீண்டும் இணைப்பது காற்றின் உறிஞ்சு விசை, கராஜ்காரர் சொல்லும் 'வக்யூம்'. பம்ப் உறிஞ்சுகிறது, இரண்டு சொலினொயிட் வால்வுகள் அதைத் திசைதிருப்புகின்றன, முன் அச்சில் உள்ள ஒரு சிறு டயபிரம் கவையை நகர்த்தித் தண்டை இணைக்கிறது. இணைந்துவிட்டது என்று அங்குள்ள சுவிட்ச் தகவல் அனுப்பிய பிறகே விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியும்.

அதாவது, நெம்பு வழக்கம்போல நகர்ந்தும் முன்சக்கர விளக்குகள் மட்டும் சிமிட்டினால், சந்தேகப்பட வேண்டியது முதலில் குழாயைத்தான், பொக்ஸை அல்ல. நெம்பே நகர மறுத்தால், அல்லது பற்கள் உராயும் சத்தம் கேட்டால், அது வேறு கதை.

தேடும் வரிசையை அண்ணை சொல்லித் தந்தார். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, நெம்பை 2எச்சில் இருந்து 4எச்சுக்கு மாற்றுங்கள். சொலினொயிட் வால்வில் 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், வயர் இணைப்பு, வால்வு என்று மின்சாரப் பக்கம் பாருங்கள். கேட்டால் எஞ்சினை இயக்கி, ஹான்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் அச்சுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி நுனியில் விரலை வையுங்கள். ஒன்று உறிஞ்ச வேண்டும். நெம்பை மாற்றினால் மற்றது உறிஞ்ச வேண்டும். கழற்றும் முன் ஒன்றில் அடையாளம் போடுங்கள். மாற்றிச் செருகினால் எல்லாம் தலைகீழாக நடக்கும். இரண்டிலும் உறிஞ்சல் இல்லை என்றால், பம்பில் இருந்து வால்வு வரை வெடித்த இடத்தைத் தேட வேண்டும். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவுவதும் இதே பம்ப்தான். பிரேக் மிதியும் கடினமாக இருந்தால் அந்த வண்டியில் தூரப் பயணம் போகவே கூடாது.

குழாய் சரி, உறிஞ்சலும் சரி, ஆனாலும் சிமிட்டுகிறதா? டயபிரம் கிழிந்திருக்கலாம், கவை துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது சுவிட்ச் மட்டும் பொய் சொல்லலாம். கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. கிரவல் தரையில் 4எச்எல்சிக்குப் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல நகருங்கள். நடு விளக்கும் நிலையாக எரிய, வண்டி இறுகி இழுத்தால் முன்சக்கரங்கள் இணைந்தேதான் இருக்கின்றன. சுவிட்சை மாற்றினால் போதும். காய்ந்த தார் வீதியில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே சக்கரங்கள் வழுக்க இடமில்லை, அந்த அழுத்தம் முழுவதும் பற்களில் ஏறும்.

நடு விளக்கு மட்டும் சிமிட்டினால் அது நடு டிபரன்சலின் பூட்டு. பல வேளைகளில் பழுதே இருக்காது. பல் பொருந்தச் சில மீற்றர் தூரம் நகர வேண்டும், அவ்வளவுதான். பூட்டு விடுபடாவிட்டால் கொஞ்சம் பின்னால் எடுத்துப் பாருங்கள். காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர்களை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை கூடும், ஏனெனில் முன்னும் பின்னும் சுற்றளவு ஒத்துவராது.

1998இற்குப் பிந்திய சுசுகி ஜிம்னியிலும் முன்சக்கரங்களை இணைப்பது வக்யூம்தான். அதிலும் வெடிப்பது குழாய்தான். இன்னும் பழைய ஜீப்புகளில் இறங்கிப்போய்ச் சக்கரத்தின் நடுவில் உள்ள திருகியைக் கையால் 'லொக்' பக்கம் திருப்ப வேண்டும். அதை மறந்துவிட்டு கராஜுக்கு வந்தவர்களைப் பற்றி அண்ணை நிறையச் சொல்லிச் சிரித்தார்.

உதிரிப்பாகம் தேடி பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய குழாயைக் கையோடு கொண்டு போங்கள், உள்விட்டம் பார்த்து வாங்கலாம். பாவித்த சொலினொயிட் வாங்கினால் கடையிலேயே பற்றரியில் தொட்டு 'டிக்' சத்தத்தைக் கேட்டுவிடுங்கள்.

பெரியப்பா இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, காலி வீதி வெறுமையாக இருக்கும் நேரம், 4எச்சில் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வருகிறார். நடு டிபரன்சல் பூட்டப்படாத 4எச்சில் தார் வீதியில் ஓடலாம். பின் இருக்கையில் இருந்து பெரியம்மா டாஷ்போட்டை எட்டிப் பார்க்கிறார்.