முகம் பச்சையடிக்கிறதா? பழைய போட்டோ பிரிண்டரைக் கைவிடும் முன்...

ஜூன் மாத அட்மிஷன் நேரத்தில் சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் கால் வைக்க இடமிருக்காது. பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி, பத்து நிமிடத்தில் வேண்டும். பிள்ளை தலைசீவி, பவுடர் போட்டு உட்கார்ந்தாயிற்று. ஃபிளாஷும் அடித்தாயிற்று. 4-க்கு 6 இன்ச் தாள் பிரிண்டரிலிருந்து மெல்ல வெளியே வருகிறது. எட்டு முகமும் பச்சை. போதாக்குறைக்கு நெற்றியில் வெள்ளைக் கோடு.

இந்தக் காட்சியைப் பார்க்காத ஸ்டூடியோக்காரர் இருக்க மாட்டார். டார்க் ரூம் போய், கலர் லேப் போய், இன்று பல கடைகளில் மேஜை மேல் இருக்கும் ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர்தான் வருமானமே. எப்சான் எல்800, எல்805 போன்ற மாடல்கள் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்காகவும் குடும்ப ஆல்பத்துக்காகவும் வாங்கி வைத்தவர்களும் உண்டு. ஐந்தாறு வருடம் ஆனதும் எல்லோருக்கும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "ஹெட் போயிடுச்சு, மாத்தணும்."

ஹெட் மாற்றும் செலவைக் கேட்டால், அதற்குப் புது பிரிண்டரே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் போய்விட்டதாகச் சொல்லப்படும் ஹெட்களில் பல உண்மையில் போனவையே அல்ல. இங்க் காய்ந்திருக்கும், டியூபில் காற்று புகுந்திருக்கும், அல்லது ஹெட் வந்து ஓய்வெடுக்கும் ரப்பர் மூடி அழுக்காகியிருக்கும். எது என்று தெரியாமல் கம்ப்யூட்டரில் 'ஹெட் க்ளீனிங்' பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் பிரிண்டரைக் கொல்கிறது.

முகம் சொல்லும் நிறம்

எல்805-ல் ஒவ்வொரு நிறத்துக்கும் 90 துளைகள். தலைமுடியைவிட மெல்லிய இந்தத் துளைகளுக்குப் பெயர் நாசில். துளைக்குப் பின்னால் இருக்கும் பீசோ படிகத்துக்கு மின்சாரம் போனதும் அது லேசாக வளைந்து இங்க்கைத் துளியாகத் தள்ளும். மிகச் சிறிய துளியின் அளவு 1.5 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் பிக்கோலிட்டர். இவ்வளவு நுண்ணிய துளையை அடைக்க ஒரு துளி காய்ந்த இங்க் போதும்.

சாதாரண பிரிண்டரில் நான்கு நிறம். போட்டோ பிரிண்டரில் கூடுதலாக லைட் சியான், லைட் மெஜந்தா. சியான் என்பது வெளிர்நீலம், மெஜந்தா ஒரு மாதிரி ரோஸ். மனிதத் தோலின் மென்மையான நிறமாற்றங்கள் திட்டுத்திட்டாக இல்லாமல் இழைந்து வர இந்த இரண்டும்தான் உதவுகின்றன. அதனால் கோளாறு வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது முகம்தான். முகம் பச்சையடித்தால் மெஜந்தாவோ லைட் மெஜந்தாவோ வரவில்லை. வெயிலில் கன்றியது போலச் சிவந்தால் சியான் பக்கம் சந்தேகப்பட வேண்டும். நீலம் பாய்ந்தால் மஞ்சள் இல்லை. முடி கறுப்பாக இல்லாமல் பழுப்பாகச் சோகையாக வந்தால் கறுப்பு மக்கர் செய்கிறது.

சந்தேகத்தை உறுதி செய்வது நாசில் செக். மனிதருக்கு ஈ.சி.ஜி எடுப்பது போல. சாதாரண ஏ4 தாளில் ஆறு நிறத்திலும் படிக்கட்டு போன்ற கோடுகள் அச்சாகும். எங்கே கோடு விடுபட்டிருக்கிறதோ அங்கே துளை வேலை செய்யவில்லை. மஞ்சள் கோடு மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. செல்போனில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும்.

கோடுகள் எல்லாம் முழுசாக இருந்தும் போட்டோவின் நிறம் மாறி வருகிறதென்றால் ஹெட் மேல் பழி போடாதீர்கள். கம்ப்யூட்டரில் பேப்பர் வகை 'பிளெய்ன் பேப்பர்' என்றே இருக்கும், போட்டிருப்பது கிளாஸி தாளாக இருக்கும். அல்லது தாள் தலைகீழாகப் போயிருக்கும். சிரிப்பு வரலாம். ஆனால் கூட்ட நேரத்தில் இது சகஜம்.

அடைப்பா, காற்றா?

நாசில் செக் தாளைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஒருமுறை க்ளீனிங் செய்துவிட்டு மறுபடி நாசில் செக் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடுபட்ட இடங்கள் அதே இடத்தில் இருந்தால் அடைப்பு. முதல் தாளில் மேலே விடுபட்டது, இரண்டாவதில் கீழே விடுபட்டது என்று இடம் மாறினால் காற்று.

காற்று எப்படிப் புகும்? டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கும் கீழே போகும்வரை "இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும்" என்று விட்டால் புகும். கடை மாற்றும்போது பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கினாலும் புகும். எல்800 போன்ற மாடல்களில் டேங்க் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. தூக்கிச் செல்லும்போது மூடி, பிரிண்ட் எடுக்கும்போது திறக்க வேண்டியது. அதைத் திறக்க மறந்துவிட்டு, "ஆறு கலரும் ஒரே நாள்ல போச்சு" என்று அலறுவார்கள். ஆறும் சேர்ந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திருகைத்தான். ஓரத்தில் மாட்டும் டேங்க்கைக் கழற்றி மேல் தட்டில் வைப்பதும் தவறு. உயரத்தில் இருந்தால் இங்க் தானாக இறங்கிக் கசியும். தாழ்வில் இருந்தால் ஹெட்டுக்கு ஏறாது.

காற்று என்று தெரிந்துவிட்டால் அவசரம் உதவாது. மூன்று முறை க்ளீனிங்கும் நாசில் செக்கும் மாறி மாறிச் செய்தும் சரியாகவில்லையா? பிரிண்டரைக் குறைந்தது 12 மணி நேரம் சும்மா விட வேண்டும். எல்805-க்குக் கம்பெனியின் கையேடே இதைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தில் குமிழிகள் மெல்ல அடங்கும். மறுநாள் காலை பாதிப் பிரச்னை தானாகத் தீர்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். "ராத்திரி சாமி வந்து சரி பண்ணிட்டுப் போச்சு" என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு.

அப்படியும் தீராவிட்டால் 'பவர் இங்க் ஃப்ளஷிங்'. இது டியூபில் இருக்கும் மொத்த இங்க்கையும் இழுத்து வெளியே தள்ளிவிட்டுப் புதிதாக நிரப்பும். எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இருந்தால்தான் இதைத் தொட வேண்டும். குறைவாக இருந்தால் இங்க்குக்குப் பதில் காற்றையே இழுத்து, இருந்ததையும் கெடுக்கும்.

யாரும் பார்க்காத மூடி

பத்து முறை க்ளீனிங் செய்தும் துளிகூட மாற்றமில்லை என்பவர்கள் பார்க்க வேண்டியது வலது ஓரம். வேலை முடிந்ததும் ஹெட் அங்கேதான் போய் நிற்கும். அடியில் ரப்பர் விளிம்போடு ஒரு சின்னத் தொட்டி, உள்ளே பஞ்சு. ஹெட் காயாமல் மூடி வைப்பது இதன் முதல் வேலை. க்ளீனிங் நேரத்தில் இதன் வழியாகத்தான் பம்ப் இங்க்கை உறிஞ்சுகிறது. விளிம்பில் காய்ந்த இங்க் படிந்து இடைவெளி விழுந்தால், ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. பிரிண்ட் கொடுத்து, ஹெட் மூடியை விட்டு நகர்ந்ததும் ப்ளக்கை எடுத்துவிட்டால் ஹெட்டைக் கையால் மெதுவாகத் தள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும் (ஆசிட் பாட்டில் இல்லை என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளவும்). பஞ்சின் மேல் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரமான காது பட்ஸால் ரப்பர் விளிம்பை ஒற்றி எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ரப்பர் வைப்பரையும் துடைக்க வேண்டும். பிறகு தொட்டியில் மறுபடி சில சொட்டு விட்டு, பிரிண்டரை ஆன் செய்து ஒரு க்ளீனிங் கொடுத்துத் திறந்து பாருங்கள். தண்ணீர் காணாமல் போயிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. அப்படியே நின்றால் கோளாறு ஹெட்டில் இல்லை, பம்பில். இந்த ஒரு சோதனை ஹெட் மாற்றும் செலவை மிச்சப்படுத்திக் கொடுக்கலாம்.

இந்த மூடியோடு நம்மூர் கரன்ட் கட்டுக்கு நெருங்கிய தொடர்பு. பிரிண்ட் பாதியில் மின்சாரம் போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும். மேலே ஃபேன் ஓடுகிற கடை, ஏப்ரல் மாத வெக்கை என்றால் சில மணி நேரத்திலேயே காய ஆரம்பிக்கும். இரவு கடை மூடும்போது பிரிண்டர் பட்டனை அமுக்காமல் நேராக மெயின் சுவிட்சை அணைப்பதும் சில சமயம் இதே விளைவைத் தரும். பட்டனை அமுக்கினால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ் வைத்திருப்பவர்கள், அது தாங்குமென்றால் பிரிண்டரையும் அதில் சேர்ப்பது நல்லது.

யூடியூபில் ஊசி சிரிஞ்சால் ஹெட்டுக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தும் வீடியோக்கள் நிறைய. அனுபவமுள்ள மெக்கானிக் கையில் அது பலிக்கலாம். கடைக்காரர் கையில் பெரும்பாலும் பலிக்காது. அழுத்தம் கூடினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழியும். தண்ணீர் சர்க்யூட்டில் இறங்கினால் போர்டும் போகும். கேனான் ஜி வரிசை பிரிண்டர்கள் பலவற்றில் ஹெட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். அவற்றில் படிகம் கிடையாது, சூட்டில் உண்டாகும் குமிழிதான் இங்க்கைத் தள்ளும். எப்சானில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது, தவறினால் தவறியதுதான்.

கழிவு இங்க் எங்கே போகிறது?

ஒவ்வொரு க்ளீனிங்கிலும் உறிஞ்சப்படும் இங்க் மெஷினுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிறைந்ததும் லைட்டுகள் மாறி மாறி மின்ன, வேலைநிறுத்தம். பட்டனைத் தட்டித் தட்டிப் பழகியவர்களுக்கு இந்த நாள் சீக்கிரமே வரும்.

'ரீசெட்டர்' என்று இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் அந்தக் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கும். பஞ்சு நனைந்தபடியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் மேஜையில் இங்க் குளம் கட்டும். வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள் கிடக்கும் கடை கம்ப்யூட்டரில், எங்கிருந்தோ வந்த சாஃப்ட்வேரை ஏற்றுவது இன்னொரு ஆபத்து. பஞ்சை மாற்றிவிட்டு ரீசெட் செய்வதுதான் முறை.

இங்க் விஷயத்திலும் ஒரு வார்த்தை. விலை குறைந்த கம்பாட்டிபிள் இங்க் ஊற்றாத கடைகள் குறைவு. அவர்கள் கணக்கும் நியாயமானதே. ஆனால் ஒரே டேங்கில் இன்று ஒரு பிராண்ட், அடுத்த மாதம் வேறு பிராண்ட் என்று கலப்பதும், டை இங்க் மெஷினில் பிக்மென்ட் இங்க் ஊற்றுவதும் வம்பை விலைக்கு வாங்குவது. மாற்றுவதாக இருந்தால் ஆறு நிறத்தையும் ஒரே பிராண்டுக்கு மாற்றி, அதிலேயே நிற்பது நல்லது.

எப்போது கைவிடலாம்? மூடி சுத்தம், பம்ப் வேலை செய்கிறது, ஓய்வும் கொடுத்தாயிற்று, ஃப்ளஷிங்கும் ஆயிற்று. அப்போதும் ஒரு நிறத்தின் அதே கோடுகள் வாரக்கணக்கில் அதே இடத்தில் காணவில்லை என்றால் அந்தத் துளைகள் செத்துவிட்டன. அதற்குப் பிறகு அந்த மெஷினை ஜெராக்ஸ் மாதிரியான சாதாரண பிரிண்டுக்கு ஒதுக்கிவிட்டு, போட்டோவுக்கு வேறு பார்க்கலாம்.

இறந்தவரின் படம் மாலைக்குள் வேண்டும் என்று வாட்ஸ்அப் போட்டோவோடு ஒருவர் கண்கலங்கி நிற்கும்போது இந்தச் சோதனைகளுக்கெல்லாம் நேரமிருக்காது. அப்போது பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவதே சரி. அந்தப் பதற்றத்தில் எட்டு முறை க்ளீனிங் தட்டினால் படமும் வராது, டேங்கும் காலியாகும்.

அட்மிஷன் சீசன் முடிந்து கூட்டம் குறைந்த மாதங்களில்தான் பிரிண்டர் அதிகம் காய்கிறது. வாரம் ஒருமுறை ஆறு நிறமும் வரும்படி ஒரு படம் போட்டால் போதும். பூக்கடைப் படமோ, கோலப்படமோ எதுவானாலும் சரி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து மட்டும் அச்சடித்தால் மற்ற ஐந்து நிறமும் பெரிதாக அசைந்தே கொடுக்காது.