சிப்காட் வந்தா கம்பம் பள்ளத்தாக்குக்கு வேலை வருமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

முதலீட்டாளர் மாநாடு பத்தின எபிசோடு போட்டதும் தேனி பக்கத்துல இருந்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அத்தனை லட்சம் கோடியில எங்க மாவட்டத்துக்கு எவ்வளவு? நியாயமான கேள்வி. ஆனா கோடிக் கணக்குல ஆரம்பிச்சா பதில் கிடைக்காது. அதனால ஜீப்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி. இந்த ஊர்கள்ல விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் கிளம்பிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போறாங்க. பெரும்பாலும் பெண்கள். சாயங்காலம் அதே ஜீப்ல திரும்பி வருவாங்க. உள்ளூர்க் கூலியை விட அங்க கூடுதலாக் கிடைக்குது, அதான் காரணம். என்னைக் கேட்டா, பள்ளத்தாக்கோட பெரிய தொழிற்பேட்டையே மலைக்கு அந்தப் பக்கம், இன்னொரு மாநிலத்துலதான் இருக்கு. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடிச்சப்போ இந்த வேலை நின்னு போச்சு. 2020 ஊரடங்குல எல்லையை மூடினப்போ மறுபடியும் நின்னுச்சு. இங்க வேலை உருவாகணும்னு கேட்கறவங்க இந்த ரெண்டு தடவையையும் மறக்கல.

சரி, அரசு என்ன செய்யுது?

2024 ஜனவரி 7, 8 தேதிகள்ல சென்னையில நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டுல சுமார் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாச்சு. நேரடி வேலை மட்டும் 14.5 லட்சம் வரும்னு அறிவிச்சாங்க. இதுல ஒண்ணு கவனிக்கணும். புரிந்துணர்வு ஒப்பந்தம்ங்கிறது கல்யாணத்துக்குப் பேசி வைக்கிற மாதிரி. இன்னும் தாலி கட்டல. நிலம், கடன், மின் இணைப்பு, உற்பத்தின்னு ஒவ்வொரு படியா வரணும், அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். சிலது வராமலே போகும்.

எந்த மாவட்டத்துக்கு வரணும்னு அரசு கட்டளை போட முடியாது. சலுகை காட்டித் திருப்பி விடத்தான் முடியும். 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி-னு மூணாப் பிரிச்சது. சென்னையும் அதைச் சுத்தியுள்ள மாவட்டங்களும் ஏ. தேனி உட்பட தென் மாவட்டங்கள் சி. சி-யில முதலீடு போட்டா சலுகை அதிகம். சிப்காட் நிலத்தோட விலையில பாதி வரைக்கும்கூடத் தள்ளுபடி உண்டு. பெரம்பலூருக்குக் காலணித் தொழிற்சாலை வந்ததும் தூத்துக்குடிக்கு வின்ஃபாஸ்ட் கார் ஆலை வந்ததும் இந்த மாதிரித் திருப்பி விட்டதாலதான்.

அப்போ தேனிக்கு ஏன் அப்படி ஒரு பேர் வரல? தூத்துக்குடியில துறைமுகம் இருக்கு. தேனியில இருந்து அந்தத் துறைமுகம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மேற்கே போனா கொச்சி, ஆனா நடுவுல மலை ஏறி இறங்கணும். ரயில் கதை இன்னும் மோசம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தறோம்னு 2010 கடைசியில வண்டியை நிறுத்தினாங்க. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன். மாவட்டத் தலைநகருக்கே பதினோரு வருஷத்துக்கு மேல ரயில் கிடையாது! திண்டுக்கல்–குமுளி பாதை இன்னும் கோரிக்கை மனுவாத்தான் இருக்கு.

நிலமும் பிரச்சினைதான். பள்ளத்தாக்கோட தரை முழுக்கப் பெரியாற்றுப் பாசனத்துல நெல், வாழை, தென்னை, திராட்சை. மேல ஏறினா காடு. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்ச பகுதி. ரெண்டுலயும் கை வைக்கக் கூடாதுன்னுதான் நானும் நினைக்கிறேன். அதனால தொழிற்பேட்டைன்னா தேனி ஊரைச் சுத்தியுள்ள மானாவாரி நிலம்தான் மிச்சம்.

அங்கதான் சிப்காட்டோட மெகா உணவுப் பூங்கா வருது. மணப்பாறை, திண்டிவனம், தேனின்னு மாநிலத்துல மூணு இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. தேனிக்குக் கார் ஆலையை விட இது பொருத்தம். ஏன்னா கச்சாப் பொருள் வாசல்லயே இருக்கு.

திராட்சையை எடுத்துக்குவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. மத்த ஊர்ல திராட்சைக்கு ஒரு சீசன் இருக்கும், இங்க கவாத்து பண்ற தேதியை மாத்தி மாத்தி வெச்சு வருஷம் பூரா அறுவடை எடுக்கறாங்க. ஒரு ஆலைக்கு இதை விட நல்ல செய்தி கிடையாது. மூணு மாசம் ஓடி ஒன்பது மாசம் பூட்டிக் கிடக்கற ஆலையில யாருக்கும் நிரந்தர வேலை கிடைக்காது, இல்லையா?

ஆனா இதுல ஒரு சிக்கல். பழமா விக்கிற விலை நல்லா இருக்கும்போது விவசாயி ஆலைக்குக் கொடுக்க மாட்டார், கேரளா, மதுரை வியாபாரிகிட்டதான் கொடுப்பார். விலை விழுந்தப்போதான் ஆலை ஞாபகம் வரும். ஆலைக்காரர் பக்கம் பார்த்தா, விலை ஏறினா தனக்குச் சரக்கு வராதுன்னு பயப்படுவார். இதைச் சரி பண்ண முன்கூட்டியே விலை பேசின ஒப்பந்தமோ, குளிர்பதனக் கிடங்கோ வேணும். நிலத் தள்ளுபடி மட்டும் போதாது. ஒயின் ஆலை யோசனையும் அடிக்கடி வரும். ஆனா இங்க 2003-ல இருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. உள்ளூர்ல விக்கணும்னா ஒரே ஒரு வாங்குபவர். அந்த ஒருத்தர் எடுக்கலைன்னா சரக்கு கிடங்குலயே கிடக்கும்.

ஏலக்காய்ல வேற மாதிரி. விளையறது இடுக்கியில, ஆனா நறுமணப் பொருள் வாரியத்தோட மின் ஏலம் நடக்கற ரெண்டு இடத்துல ஒண்ணு போடி. மத்தது கேரளாவுல புத்தடி. ஏலத்துல எடுத்த காயைச் சுத்தம் பண்ணி, தரம் பிரிச்சு, மூட்டை போடற வேலை போடிக் கிடங்குகள்ல பெண்களுக்குக் கிடைக்குது. எந்த மாநாட்டுலயும் கையெழுத்தாகாத வேலைவாய்ப்பு இது! ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் விசைத்தறிகளும் அப்படித்தான்.

இப்போ தூரக் கணக்கு. கூடலூர்ல இருந்து தேனி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். குமுளி அதை விட ரொம்பப் பக்கம். உணவுப் பூங்காவுல வேலை வந்தாலும், போக வர பஸ்ல மூணு மணி நேரம் போனா அந்தப் பொண்ணு ஜீப்பைத்தான் பிடிப்பா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கற விடுதியை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. வெளி மாவட்டப் பெண்களுக்கு அங்க படுக்கை போட முடியுதுன்னா, பள்ளத்தாக்குக்கு ஷிஃப்ட் நேரத்துல நாலு பஸ் விட முடியாதா?

சொந்தமாத் தொடங்க நினைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிடறேன். மாநில அரசோட நீட்ஸ் திட்டத்துல டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிச்சவங்க 10 லட்சத்துக்கு மேல 5 கோடி வரைக்குமான தொழிலுக்கு விண்ணப்பிக்கலாம். மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம். 40 லட்ச ரூபாய்ல பழக்கூழ் யூனிட் போடறீங்கன்னா பொதுப் பிரிவுக்குக் கைக்காசு 4 லட்சம், மானியம் 10 லட்சம், மிச்சம் 26 லட்சம் கடன். வட்டியில 3 சதவீதம் அரசு தாங்கும். சின்ன உணவுத் தொழிலுக்கு மத்திய அரசோட பி.எம்.எஃப்.எம்.இ. இருக்கு, 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ரெண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்துல விசாரிக்கலாம். ஆனா கையெழுத்துப் போடற வங்கி மேனேஜர், மானியத்தைப் பத்திக் கேட்கறதை விட உங்க சரக்கை யார் வாங்குவாங்கன்னுதான் கேட்பார். அந்தப் பதிலை எழுத்துல கையில வெச்சுக்கிட்டுப் போங்க.

அடுத்த எபிசோடுல வாழை ஏற்றுமதி பத்திப் பேசுவோம். சின்னமனூர்க்காரங்க கேள்வியை இப்பவே அனுப்பி வைங்க.